அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது

கலைச்செல்விக்கு நகரத் திட்டமிடலில் முதுகலைப் பட்டம் கிடைக்காமல் போனதற்கு யாரும் பொறுப்பல்ல. கழகமே இதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்திருக்கிறது. கடிதத்தில் மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன.

கழகம் என்றால் ஒருங்கிணைந்த நகர எதிர்காலக் கழகம். பாடம், தேர்வு, பட்டமளிப்பு எல்லாம் இணையத்திலேயே நடக்கும். செம்பூரில் ஓர் ஏழு மாடிக் கட்டடத்தில் அதற்கு ஐந்தாவது மாடி மட்டும் சொந்தம். அது மண்டல அலுவலகம். அங்கே மாணவர்கள் யாரும் வருவதில்லை என்பதைக் கழகம் தன் சாதனையாகவே சொல்லிக்கொள்ளும். 'உங்கள் நகரத்தை உங்கள் வீட்டிலிருந்தே திட்டமிடுங்கள்' என்பது அதன் விளம்பரம். கலைச்செல்வி அதைப் படித்துவிட்டு, தனக்கும் ஒரு வீடு இருக்கிறதே என்று நினைத்து விண்ணப்பித்தாள்.

அவள் வீடு தாராவியில், கல்லி என்று சொல்லும் ஒரு குறுகலான சந்துக்குள் இருந்தது. பதினொன்றுக்குப் பத்து அடி. அதற்கு மேலே இரும்பு ஏணி வழியாக ஏறினால் போட்மாலா என்று சொல்லும் தகரப் பரண். அதில் படுக்கலாம், நிமிர்ந்து உட்கார முடியாது. கலைச்செல்வி, அவள் கணவன் கோமதிநாயகம், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள், மாமியார் சொர்ணம்மாள் என்று ஐந்து பேர். சொர்ணம்மாள் பொதுக் கழிப்பறைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதிலிருந்து கட்டிலோடு கிடந்தாள். அசைக்கவே கூடாது என்று சயான் ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்.

கலைச்செல்வி செம்பூரில் ஒரு கட்டட ஆலோசனைக் கம்பெனியில் பதினோரு வருடமாக வரைபடம் போடுகிறவள். டிப்ளமா படித்தவள். மற்றவர்கள் திட்டமிடுவார்கள், இவள் கோடு போடுவாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி எல்லாரையும் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னது. இனிமேல் கோடுகளைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். 2025 மே முப்பத்தொன்றுக்குள் முதுகலைப் பட்டம் வாங்குகிறவர்கள் உதவித் திட்டமிடுநர் ஆவார்கள். மற்றவர்கள் தங்கள் கனவுகளைத் தொடரலாம்.

கலைச்செல்விக்கு வேறு கனவு எதுவும் இருக்கவில்லை. கோமதிநாயகம் வேலை பார்த்த பெல்ட் பட்டறையில் மாதத்தில் பாதி நாள் மிஷின் ஓடவில்லை. அவள் சேர்ந்தாள்.

சேர்ந்த முதல் மாதமே முகவரியில் சிக்கல் வந்தது. முகவரியை எழுதினால் போதாது, கழகத்தின் வரைபடத்தில் விரலை வைத்துக் காட்ட வேண்டும். அவள் காட்டிய இடம் நீல நிறத்தில் இருந்தது. 'மாணவர் நீர்நிலையில் வசிக்க இயலாது' என்று பதில் வந்தது. ரேஷன் அட்டை, மின்சார ரசீது, வீட்டு வாசலில் தான் நிற்கும் புகைப்படம் எல்லாவற்றையும் அனுப்பினாள். புகைப்படத்தில் அவள் கால் நனையாமல் இருப்பது உறுதியாகத் தெரியவில்லை என்றார்கள். தற்காலிகமாக, மிக அருகிலுள்ள, குடியிருப்பு என்று குறித்த மஞ்சள் நிறப் பகுதியில் அவளை வைப்பதாகவும் சொன்னார்கள். அது மாட்டுங்காவில் ஒரு பூங்காவின் பூப்பந்து மைதானமாக இருந்தது. முதல் பருவம் முழுக்க கலைச்செல்வி அங்கேதான் வசித்தாள்.

நான்கு மாதம் எழுதிப் போராடி, நீலத்தில் ஒரு மஞ்சள் புள்ளியை வாங்கினாள். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. இவ்வளவு சிரமப்பட்டுப் பெற்ற முகவரி என்பதால், எல்லாத் தேர்வுகளையும் அந்த முகவரியிலிருந்துதான் எழுத வேண்டும். வேறெங்கிருந்து எழுதினாலும் ஆள்மாறாட்டமாகக் கருதப்படும்.

"நல்லதுதானே. நம்ம வீட்ட ஒத்துக்கிட்டானுவல்லா?" என்றான் கோமதிநாயகம்.

மூன்றாம் பருவத்தில் 'கள அமிழ்வு நாள்' வந்தது. மாணவர்கள் ஒரு நாள் முழுக்க முறைசாராக் குடியிருப்பு ஒன்றில் அமிழ்ந்து, அங்கே கண்டதை நாட்குறிப்பில் எழுத வேண்டும். கலைச்செல்வி, தான் ஏற்கெனவே முப்பத்தாறு வருடமாக அமிழ்ந்திருப்பதாகவும், அதையே கணக்கில் எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டு எழுதினாள். வருகைப் பதிவு ஒரு நாளுக்குத்தான் உண்டு என்று பதில் வந்தது.

டெல்லி, பூனா, இந்தூரிலிருந்து இருபத்திரண்டு பேர் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். பேராசிரியை சுஷ்மா அவர்களை அழைத்து வந்தார். அவருடையது மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். கலைச்செல்வியிடம் தமிழில் பேசுவதை அவர் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். எந்தக் கல்லிக்குள் போவது என்பதைக் கழகத்தின் மென்பொருள் தேர்ந்தெடுத்திருந்தது. அது கலைச்செல்வியின் கல்லி.

நான்கு நான்கு பேராக வீட்டுக்குள் அனுப்பினார்கள். கலைச்செல்வியும் தொப்பியோடு தன் வீட்டு வாசலில் வரிசையில் நின்றாள்.

கட்டிலில் கிடந்த சொர்ணம்மாள் அவளைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி கலை, நீ என்னத்துக்கு வெளிய நிக்க? உள்ள வந்து அந்தப் பிள்ளையளுக்குக் காப்பியப் போடு."

சுஷ்மா திரும்பிப் பார்த்தார். "அவாளுக்கு உன்னைத் தெரியுமா?"

"எங்க அத்தை மேடம். இது எங்க வீடு."

"அடடா." சுஷ்மாவின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "அப்ப நீ இதை நடுநிலையாப் பாக்க முடியாதேம்மா. தொப்பியைக் கழட்டிட்டு உள்ளே போ. இல்லே, தொப்பியோட இங்கேயே நில்லு. ரெண்டுல ஒண்ணுதான் நீ."

அவள் உள்ளே போய்க் காப்பி போட்டாள். இந்தூர்ப் பையன் ஒருவன் சொர்ணம்மாளிடம், 2047ஆம் ஆண்டு நகரத்தைப் பற்றிய அவளுடைய தொலைநோக்கு என்ன என்று ஹிந்தியில் கேட்டான். கலைச்செல்வி மொழிபெயர்த்தாள்.

சொர்ணம்மாள் யோசித்தாள். "கக்கூஸ் படியில பிடிச்சு ஏற ஒரு கம்பி போடச் சொல்லு."

அவன் எழுதிக்கொண்டான். அவனுடைய அறிக்கையில் சொர்ணம்மாள் 'பதிலாளி எண் ஏழு' ஆனாள். 'அடித்தட்டு மக்களின் செங்குத்து நகர்வு குறித்த வேட்கை' என்ற அத்தியாயத்துக்கு அவனுக்கு முதல் பரிசு கிடைத்தது. கம்பி எங்கேயும் போடப்படவில்லை.

கலைச்செல்வியின் நாட்குறிப்பு திரும்பி வந்தது. கண்டது, கேட்டது, முகர்ந்தது, வியந்தது, கற்றது என்று ஐந்து பத்திகள். வியந்தது என்ற பத்தியை அவள் காலியாக விட்டிருந்தாள்.

சுஷ்மா போனில் கூப்பிட்டார். "நீ ஆச்சரியமே படலையேம்மா. ஆச்சரியம்தான் ஆராய்ச்சியோட ஆரம்பம். பத்து மார்க்குக்கு நான் என்ன போடுவேன், சொல்லு?"

"என்ன மேடம் எழுதணும்?"

"உன் மனசைத் தொட்டு எழுது. முதல் தடவையா அந்த வீட்டுக்குள்ளே போறவ மாதிரி."

கலைச்செல்வி மனதைத் தொட்டு எழுதினாள். 'ஒரே அறையில் ஐந்து பேர் வாழ்வதைக் கண்டு திகைத்தேன். அந்த வீட்டுப் பெண், அறிமுகமில்லாத எங்களுக்குக் காப்பி கொடுத்ததைக் கண்டு மேலும் திகைத்தேன்.' பத்துக்கு ஒன்பது கிடைத்தது. 'இப்போதுதான் நீங்கள் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள்' என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் இருந்தது.

இப்படியாகக் கடைசித் தேர்வு மட்டும் மீதம் என்ற நிலைக்கு வந்து சேர்ந்தாள். பாடத்தின் பெயர் 'எல்லோருக்குமான நகரம்'. ஏப்ரல் இருபத்திரண்டு, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை.

கழகத்தின் தேர்வுகளைச் 'சாக்ஷி' என்ற மென்பொருள் கண்காணிக்கும். அது லேப்டாப் கேமரா வழியாகப் பார்க்கும், மைக் வழியாகக் கேட்கும். தேர்வு எழுதுகிறவர் கதவுள்ள அறையில் தனியாக இருக்க வேண்டும். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. வேறு குரல் கேட்கக் கூடாது. திரையை விட்டுப் பார்வை நான்கு வினாடிக்கு மேல் விலகக் கூடாது. முந்தைய பருவங்களில் இத்தனை கெடுபிடி இருக்கவில்லை. பட்டத்தின் தரத்தை உயர்த்துவதற்காகக் கடைசித் தேர்வில்தான் சாக்ஷியை முழுதாக அவிழ்த்து விட்டார்கள்.

மாமியாரை அசைக்க முடியாது என்று அவள் கழகத்துக்கு எழுதினாள். கழகம் உடனே கருணையோடு பதில் அனுப்பியது. படுக்கை நோயாளிகள் இருக்கும் வீடுகளுக்குத் தனி விதிவிலக்கு உண்டு. நோயாளி அறைக்கு வெளியே படுத்திருக்கும் புகைப்படத்தை இணைத்து விண்ணப்பித்தால் போதும்.

ஒரு வாரம் முன்பாக அறைப் பரிசோதனை நடந்தது. லேப்டாப்பை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட வேண்டும். காட்டினாள்.

"நான்கு நபர்கள் கண்டறியப்பட்டுள்ளனர்" என்றது சாக்ஷி, இனிமையான பெண் குரலில்.

ஒன்று கலைச்செல்வி. இரண்டு சொர்ணம்மாள். மூன்றாவது, நகைக்கடைக் காலண்டரில் கழுத்து நிறைய நகையோடு சிரித்த பெண். நான்காவது, சுவரில் சட்டம் போட்டு மாலை மாட்டியிருந்த மாமனார். அவர் இறந்து எட்டு வருடமாகிறது. ஆனாலும் பார்வையை எடுக்காமல் திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்ததால், அவரைத்தான் சாக்ஷி அதிகமாகச் சந்தேகித்தது.

காலண்டரைக் கிழித்தாள். மாமனாரைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பரணில் வைத்தாள்.

"உசிரோட இருக்கையிலயே அந்த மனுசன் படிக்க பிள்ளையளத் தொந்தரவு செய்ய மாட்டாரு" என்றாள் சொர்ணம்மாள். பிறகு கேட்டாள்: "என்னய எங்க வைப்ப?"

கட்டிலுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு சேலையைக் கட்டினாள். "அத்தை, மூணே மணி நேரம். சத்தம் மட்டும் வரப்படாது."

"நான் செத்த பொணமாட்டம் கெடப்பேன். நீ எழுது."

சேலையைச் சாக்ஷி ஒப்புக்கொண்டது. சுவர் என்று குறித்துக்கொண்டது.

மீதி இருந்தது சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் முகைதீன் பாயின் பை தைக்கும் பட்டறை. எட்டு மிஷின். கலைச்செல்வி போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மூணு மணி நேரந்தானம்மா?" என்றார் முகைதீன். "பந்த் ரக்கேங்கே, மிஷின நிறுத்தி வெச்சா என்ன இப்ப? பயலுவளுக்கும் கொஞ்சம் இடுப்பு நிமுரட்டும்."

அவர் மனைவி ஹபீபா அதோடு விடவில்லை. "மிஷின நிறுத்திட்டா ஆச்சா? பாவ்காரன் மணியடிச்சுட்டு வருவான், தண்ணி லைன்ல சண்ட வரும். கல்லி முக்குல நான் ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிடுதேன். ஒருத்தன உள்ள விட மாட்டேன்."

ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்குள் அந்தக் கல்லியில் இவையெல்லாம் நடந்தன. எட்டு மிஷின்கள் நின்றன. பாவ் ரொட்டி விற்பவன் பக்கத்துக் கல்லி வழியாகத் திருப்பி விடப்பட்டான். குழாயடிச் சண்டை பிற்பகலுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒரு கல்யாண வீட்டின் ஸ்பீக்கர் மூட்டை கட்டப்பட்டது. கோமதிநாயகம் வாசலுக்கு வெளியே, கதவு தானாகத் திறந்துவிடாதபடி முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். தாராவியில் இப்படி ஒரு அமைதியை ஏற்படுத்த முடியும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. ஏற்படுத்தியவர்கள் யாரும் திட்டமிடல் படித்தவர்களும் அல்ல.

மின்விசிறியின் சத்தத்தைச் சாக்ஷி மறுத்ததால் அதையும் நிறுத்தினார்கள். கூரைத் தகரத்தின் சூடு அறைக்குள் இறங்க ஆரம்பித்தது.

முதல் மூன்று கேள்விகளைக் கலைச்செல்வி நன்றாக எழுதினாள். பதினொன்றே முக்காலுக்கு நான்காவது கேள்விக்கு வந்தாள். 'குறைந்த வருவாய்க் குடியிருப்புகளில் முதியோர் பராமரிப்புக்கான இட வசதியைப் படத்துடன் விளக்குக. இருபது மதிப்பெண்.' அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதைப் பற்றி விதி எதுவும் இல்லாததால் கொஞ்சம் சிரித்தாள். கட்டிலை எங்கே போடுவது, ஜன்னலை எந்த உயரத்தில் வைப்பது, படிக்கட்டில் கைப்பிடியை எப்படிப் பொருத்துவது என்று வரையத் தொடங்கினாள். இந்தப் பதிலை அவளைவிட நன்றாக யாரும் எழுதியிருக்க முடியாது.

சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சு என்று சொல்ல முடியாது. உலர்ந்த தொண்டையில் காற்று உரசுகிற மாதிரி.

"ஏ... கலை..."

கலைச்செல்வி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணி..."

"அறையில் இன்னொரு குரல் கண்டறியப்பட்டுள்ளது. இது முதல் எச்சரிக்கை" என்றது சாக்ஷி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து அத்தை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நடுவில் பெட்பேன் வைக்கும்படி ஆகிவிடக் கூடாது என்று காப்பியையும் வேண்டாமென்று சொல்லியிருந்தாள். அதைத் தேர்வுக் கவலையில் கலைச்செல்வி கவனிக்காமல் விட்டுவிட்டாள். கூப்பிட்டுக் கோமதிநாயகத்தை உள்ளே வரச் சொன்னால் மூன்றாவது ஆள். கதவு திறந்தாலே தேர்வு முடிந்துவிடும்.

மே முப்பத்தொன்று. இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இன்னும் ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும். கலைச்செல்வி கைப்பிடியை வரைந்தாள். கோடு கோணலாகப் போயிற்று. அழித்துவிட்டுத் திரும்ப வரைந்தாள்.

சேலைக்குப் பின்னால் சத்தம் நின்றுவிட்டது. சத்தம் வந்தபோது பொறுத்துக்கொண்டவளால், நின்றதைப் பொறுக்க முடியவில்லை. எழுந்தாள்.

சொர்ணம்மாளின் கண் மேலே செருகியிருந்தது. உதடு வெடித்திருந்தது. தலையைத் தூக்கிப் பிடித்து, சொம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பாதி கழுத்தில் வழிந்தது. மூன்றாவது வாயில்தான் தொண்டை அசைந்தது. முகத்தைத் துடைத்தாள், விசிறியைப் போட்டாள். எல்லாம் இரண்டு நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தபோது திரை வெள்ளையாக இருந்தது. 'உங்கள் தேர்வு நிறுத்தப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி. உங்கள் தேர்வு அனுபவத்தை ஐந்து நட்சத்திரங்களில் மதிப்பிடுங்கள்.'

சேலைக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள் சொர்ணம்மாள்: "எழுதுதியா?"

"எழுதுதேன் அத்தை."

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. கதவுக்கு வெளியே கல்லியே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எழுந்து போய் அவர்களிடம் என்னவென்று சொல்வது? கலைச்செல்வி வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்கு அவள் கதவைத் திறந்ததும் ஹபீபா ஸ்டூலிலிருந்து எழுந்து கையைத் தட்டினாள். எட்டு மிஷின்களும் ஒன்றாக ஓடத் தொடங்கின.

கோமதிநாயகத்திடம் மறுநாள்தான் சொன்னாள். "என்னக் கூப்பிட்டிருக்கலாம்லா" என்றான் அவன். பிறகு அவனே, "கூப்பிட்டாலும் அதேதான்" என்றான்.

கழகம் அவளை மே பன்னிரண்டாம் தேதி ஒழுங்கு விசாரணைக்கு அழைத்தது. விசாரணை இணையவழியில் மட்டுமே நடக்கும். ஆனால் அவள் வீட்டு அறை தகுதியற்றது என்று ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டதால், செம்பூர் மண்டல அலுவலகத்தில் உள்ள மாணவர் சாவடியிலிருந்து அவள் கலந்துகொள்ளச் சிறப்பு அனுமதி தரப்பட்டது.

ஐந்தாவது மாடிக்குப் போகும் லிஃப்டில் சுஷ்மாவும் இருந்தார். "கவலைப்படாதே" என்றார். "எனக்கு ரொம்ப வேண்டியவ நீ." லிஃப்ட் நின்றதும் அவர் இடப்பக்கக் கதவுக்குள் போனார். கலைச்செல்வியை வலப்பக்கக் கதவுக்குள் அனுப்பினார்கள்.

சாவடியில் ஒரு நாற்காலி, ஒரு திரை. திரையில் மூன்று பேர் தெரிந்தார்கள். தேர்வு இயக்குநர் டாக்டர் கேஷவ், சுஷ்மா, நேர்மைப் பிரிவு அதிகாரி. அவர்கள் அறைக்கும் சாவடிக்கும் நடுவில் இருந்தது பலகைத் தடுப்புதான். அவர்கள் பேசுவது முதலில் தடுப்பு வழியாகக் கேட்டது. இரண்டு வினாடி கழித்துத் திரை வழியாக மறுபடியும் கேட்டது.

கேஷவ் ஆங்கிலத்தில் உருக்கமாகப் பேசினார். "உங்கள் நிலைமை எங்களை மிகவும் பாதித்தது. தண்ணீர் அடிப்படை மனித உரிமை. நம் பாடப் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை எழுதியவனே நான்தான். ஆனால் தேர்வு நேரத்தில் கொடுக்கப்படும் தண்ணீர், தண்ணீர் ஆகாது. அது மூன்றாம் நபருடனான தொடர்பு."

"கொடுக்காட்டி அவங்க செத்துப் போயிருப்பாங்க சார்" என்றாள் கலைச்செல்வி.

கேஷவ் நேர்மை அதிகாரியின் பக்கம் திரும்பினார். அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகம் மலர்ந்தது.

"அதற்கு வழி இருக்கிறது" என்றார் அதிகாரி. "மறைவுச் சலுகை. தேர்வின்போது நெருங்கிய உறவினர் இறந்தால் பதினைந்து நாளில் மறுதேர்வு. சான்றிதழ் மட்டும் இணைக்க வேண்டும். எங்கள் அமைப்பு இரக்கமில்லாதது அல்ல. நீங்கள்தான் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை."

கலைச்செல்வி திரையிலிருந்து கண்ணை எடுத்து, பலகைத் தடுப்பைப் பார்த்தாள்.

சூழ்நிலையைச் சுமுகமாக்க சுஷ்மா முன்வந்தார். "சார் ஒரு நல்ல யோசனை வெச்சிருக்கார் கலை. உன்னோட அனுபவத்தை அடுத்த வருஷப் பாடத்துல சேக்கறோம். 'அடர்த்தியும் அன்பும்'னு ஒரு யூனிட். நீயே வந்து வீடியோல பேசலாம். பங்கேற்புச் சான்றிதழ் தருவோம்."

"அத வெச்சுப் பட்டம் குடுப்பீங்களா மேடம்?"

"அது எப்படிம்மா? பாடத்துக்குள்ளே இருக்கறவா அந்தப் பாடத்தைப் படிக்க முடியாதே."

"எனக்கு மே முப்பத்தொண்ணுக்குள்ள வேணும் மேடம். மறு பரீட்ச வைங்க. எங்க வேணா எழுதுதேன். இங்கயே, உங்க முன்னால உக்காந்து எழுதுதேன்."

அவள் சொல்லி முடிக்கும்போது திரை உறைந்தது. கேஷவின் வாய் திறந்தபடியே நின்றது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "ஹலோ? ஹலோ? உங்களுக்குக் கேட்கிறதா?"

"கேக்குது சார்!" என்று கத்தினாள்.

"பதில் இல்லை" என்றது அதிகாரியின் குரல். "பத்து நிமிடம் பார்க்கலாம். பிறகு வராதவர் என்று பதியலாம்."

கலைச்செல்வி எழுந்தாள். சாவடியை விட்டு வெளியே வந்து, நடையைக் கடந்து, இடப்பக்கக் கதவைத் திறந்தாள்.

மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் சுவரில் இருந்த திரையைப் பார்த்தார்கள். திரை இப்போது சரியாகிவிட்டிருந்தது. அதில் காலி நாற்காலி தெரிந்தது.

"மாணவி இருக்கையில் இல்லை" என்றார் அதிகாரி.

"இங்க இருக்கேன் சார்."

கேஷவ் தர்மசங்கடத்தோடு மேஜையைப் பார்த்துப் பேசினார். "மாணவி தயவுசெய்து இருக்கைக்குத் திரும்பவும். இது இணையவழி விசாரணை."

"திரும்பிப் போனா மறுபடியும் நின்னு போயிரும் சார். இங்க வெச்சே சொல்லுங்க. மூணு பேரும் என்னப் பாத்துச் சொல்லுங்க. எழுந்திரிச்சுப் போய்த் தண்ணி குடுத்தது தப்பா? ஒரு வார்த்த சொல்லுங்க, போயிடுதேன்."

சுஷ்மா எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். குரலைத் தாழ்த்தினார். "அங்கே போய் உக்காரும்மா. இங்கே நின்னா எங்களால உன்னைப் பாக்க முடியாது."

கலைச்செல்வி நகரவில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. பத்து நிமிடமும் அப்படியே நின்றாள். மூன்று பேரும் பத்து நிமிடமும் காலி நாற்காலியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அலுவலகத்து ஆயா டீ கொண்டு வந்தாள். தட்டில் நாலு டம்ளர் இருந்தது. நாலாவதை யாரிடம் நீட்டுவது என்று அவளுக்கு மட்டும் குழப்பம் இருக்கவில்லை. கலைச்செல்வியிடம் நீட்டினாள்.

பத்தாவது நிமிடம் அதிகாரி பேனாவை எடுத்தார். 'மாணவி விசாரணைக்கு வரவில்லை.' மூவரும் கையெழுத்திட்டார்கள். எந்தத் தரப்பும் இதற்குப் பொறுப்பல்ல என்ற வரியை கேஷவ் தன் கையால் சேர்த்தார்.

மே முப்பத்தொன்றாம் தேதி கம்பெனி அவளுக்கு ஒரு பூங்கொத்தும், கனவுகளைத் தொடர வாழ்த்தும் கொடுத்தது. ஜூன் இரண்டாவது வாரம் அம்பர்நாத்தில் ஒரு சின்ன ஒப்பந்தக்காரரிடம் வேலை கிடைத்தது. தொழிற்சாலைக் கொட்டகைகளுக்கு வரைபடம் போட வேண்டும். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்ப முடிந்தது. பகலில் சொர்ணம்மாளை ஹபீபா வந்து வந்து பார்த்துக்கொண்டாள். ஆனால் சொர்ணம்மாளுக்கு நாளுக்கு நாள் சோர்வு கூடியது. உடம்பு வற்றியது. காய்ச்சல் வந்து, சயான் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். தண்ணீர் போதவில்லை, மூத்திரத்தில் கிருமி சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நான் குடுக்கத்தான் செய்யுதேன் கலை" என்றாள் ஹபீபா. "வேண்டாம், வேண்டாம்ங்கா. அவளா ஒரு நாளும் கேக்கவும் மாட்டேங்கா."

ஞாயிற்றுக்கிழமை பகலில் கலைச்செல்வி கட்டிலோரம் உட்கார்ந்தாள். சொம்பு, காலையில் வைத்தபடியே நிறைந்திருந்தது.

"அத்தை, ஏன் தண்ணி குடிக்க மாட்டேங்கிய?"

"தாகமில்ல."

"பொய் சொல்லாதீங்க. உதடு வெடிச்சுக் கெடக்கு. கேட்டா நான் தர மாட்டேனா?"

சொர்ணம்மாளின் பார்வை மருமகளைத் தாண்டி, சுவரில் அடித்திருந்த பலகைக்குப் போனது. அங்கே பிள்ளைகளின் புத்தகங்களுக்கு நடுவே லேப்டாப் இருந்தது.

"அது மூடியிருக்கா?" என்று கேட்டாள், வாயை அதிகம் அசைக்காமல்.

"எது?"

சொர்ணம்மாள் விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"மூடித்தான் இருக்கு அத்தை. ரெண்டு மாசமாத் தொறக்கவே இல்ல."

"நல்லாப் பாரு பிள்ள."

கலைச்செல்வி எழுந்து போனாள். மூடியிருந்த லேப்டாப்பின் மேல் இரண்டு கையையும் வைத்து, சொர்ணம்மாள் பார்க்கும்படியாக அழுத்தினாள். அதன் மேல் பிள்ளைகளின் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். அடுக்கிவிட்டுத் திரும்பினாள்.

சொர்ணம்மாள் அப்படியும் ஒரு முறை பலகையைப் பார்த்தாள். பிறகுதான் கையை வாய்க்கு மறைப்பாக வைத்துக்கொண்டு, ரகசியம்போலக் கேட்டாள்:

"கொஞ்சம் தண்ணி தாட்டி."